வீட்டுக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்

நம் சங்க அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் இன்று கணினி இடம் பெற்றுள்ளது. பிள்ளைகளின் படிப்பிற்கென வாங்கியதும் உண்டு. அரசு வழங்கிய மடிக்கணினியும் உண்டு. நூல் வரவு, கூலிப் பற்று, உரச் செலவு ஆகியவற்றை அதிலேயே எழுதி வைப்போரும் உளர். எனினும், கணினியைப் பார்த்துப் பார்த்து வாங்கும் நாம், அதனுள் இயங்கும் மென்பொருள் எந்த நிபந்தனையின் பேரில் நமக்குக் கிடைத்தது என்பதை ஆராய்வதில்லை.

அதன் விளைவை நாம் நேரிற் கண்டோம். ஒரு கடன் மனுவை விசாரிக்க நெசவாளர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மூன்றாண்டு வரவு செலவுகளை அவர் மகள் கணினியில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கணக்கு மென்பொருளின் ஆண்டுச் சந்தா முடிந்திருந்தது. ஆகவே அது திறக்க மறுத்தது. கணக்கு அவருடையது, எழுதிய கை அவர் மகளுடையது, பெட்டியின் சாவி மட்டும் பிறரிடம் இருந்தது. துண்டுச் சீட்டுகளைக் கொண்டு கணக்கை மீண்டும் எழுத ஒரு மாதம் சென்றது. கடனும் ஒரு மாதம் தாமதமாயிற்று.

இந்நிலைக்கு மாற்று ஒன்று உண்டு. அதுவே கட்டற்ற மென்பொருள். நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஜக்கார்டில் புட்டா நெய்ய முதலில் கட்டத்தாளில் டிசைன் வரைகிறோம். பின்னர் அதைப் பார்த்து அட்டை குத்துகிறோம். அட்டை மட்டும் இருப்பின் அதே புட்டாவை நெய்யலாம்; கட்டத்தாளும் இருந்தால் வேண்டியவாறு எளிதில் மாற்றியும் நெய்யலாம். மென்பொருளுக்கு மூலநிரலே கட்டத்தாள். விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களிற் பெரும்பாலானவை அட்டையைத் தந்து கட்டத்தாளை மறைத்துக் கொள்கின்றன. கட்டற்ற மென்பொருளோ இரண்டையும் தருகிறது. எக்காரியத்திற்கும் பயன்படுத்தவும், உள்ளமைப்பை ஆராயவும், பிறருக்குப் பிரதி வழங்கவும், திருத்தி வெளியிடவும் நமக்கு உரிமை உண்டு. இலவசமாகக் கிடைப்பன யாவும் கட்டற்றவை அல்ல; விலையினும் உரிமையே இங்கு முக்கியமாகும்.

இவ்வியக்கத்தை 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கினார். திருத்தி வெளியிடுவோர் தாம் பெற்ற அதே உரிமைகளைப் பிறருக்கும் அளித்தல் வேண்டும் என்னும் விதியுடைய பொது உரிமம் 1989-இல் வெளிவந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவைப் படைத்து, மறு ஆண்டு அதனை இவ்வுரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். பலர் உழைப்பில் உருவான பொருள் தனியொருவர் உடைமையாகாமற் காப்பதே அவ்விதியின் நோக்கம். கூட்டுறவாளர்க்கு இது புதிய தத்துவமன்று.

வீட்டிற்குப் பயன்படுவனவற்றுள் சிலவற்றைக் கூறுவோம்:

(1) லிப்ரே ஆபீஸ்: கடிதம் எழுதவும் அட்டவணைக் கணக்கிடவும் உதவுவது, 2010 முதல் இப்பெயரில் வழங்கி வருகிறது. இதன் கோப்பு வடிவம் 2006-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. ஆகவே வேறு மென்பொருள்களாலும் அதனைத் திறக்க இயலும்.

(2) க்னூகேஷ்: இரட்டைப் பதிவு முறையில் வரவு செலவு எழுதுவதற்கு உரியது. ஆண்டுச் சந்தா இல்லை.

(3) இங்க்ஸ்கேப், கிம்ப்: முன்னது கோட்டோவியம் வரையவும், பின்னது படங்களைத் திருத்தவும் உதவும். கரை, முந்தி ஆகியவற்றின் மாதிரிகளை வரைந்து பார்க்க நெசவாளர் இல்லங்களுக்கு ஏற்றவை.

(4) பயர்பாக்ஸ், வி.எல்.சி.: இணையம் பார்க்க முன்னது, ஒலி, காணொளிகளுக்குப் பின்னது.

இவை யாவும் விண்டோஸ் கணினியிலும் இயங்கும். ஆகவே இயங்குதளத்தை மாற்றாமலே இவற்றைப் பழகலாம்.

பழைய கணினி வைத்திருப்போர்க்கு மற்றொரு செய்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பைப் பல பழைய கணினிகள் ஏற்பதில்லை. எனவே அவற்றைக் கழித்துவிட வேண்டும் என்று கருதுதல் தவறு. லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் 4 ஜி.பி. நினைவகமுள்ள கணினியிலும் இயங்கவல்லது. பென் டிரைவில் அதனை ஏற்றி, கணினியில் உள்ளவற்றை அழிக்காமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். திருப்தி ஏற்பட்ட பின்னர் நிறுவினால் போதும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். எதனை மாற்றுமுன்னும் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். மென்பொருளை அதனை வெளியிடுவோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெற வேண்டும். ஒத்த பெயரில் போலிகளும் உலவுகின்றன. விண்டோஸுக்கென எழுதப்பட்ட சில மென்பொருள்களும், சில அச்சுப்பொறிகளும் லினக்ஸில் சரிவர இயங்காமற் போகலாம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடிற்கு மாற்றிக் கொள்ளுதல் நலம். பழுது நேர்ந்தால் வந்து பார்க்கக் கடமைப்பட்ட வியாபாரி ஒருவரும் இரார். அறிந்தவரைக் கேட்டும், படித்தும் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கும்.

இதனை ஒரு குறையாக மட்டும் கொள்ள வேண்டுவதில்லை. அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லித் தருவதற்கு ஏற்பட்டவையே நம் சங்கங்கள். மாதம் ஒரு மாலைப் பொழுது சங்கக் கட்டடத்தில் இளைஞர் கூடி அங்கத்தினர்க்கு இவற்றைப் பழக்கினால் பெரும் பயன் விளையும். தமிழாக்கத்தில் உதவுவதும், கண்ட பிழையை ஆக்கியோர்க்கு அறிவிப்பதும் இப்பொதுச் சொத்திற்கு நாம் செலுத்தும் பங்குத் தொகையாகும். அனைத்திற்கும் முன்பாக, அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே தம் கணக்குக் கோப்பைத் திறந்து, எந்த மென்பொருளாலும் படிக்கத்தக்க வடிவில் ஒரு பிரதி எடுத்து வைக்குமாறு கேட்டுக் கொள்கிறோம். நம் கணக்குப் பெட்டியின் சாவி நம்மிடமே இருத்தல் வேண்டும்.