பழைய கம்ப்யூட்டர் மொழியை ஏன் விடவில்லை?



"இன்னும் அந்தப் பழைய ஃபாக்ஸ்புரோவையா வைத்திருக்கிறீர்கள்?" என்று இளைய உறுப்பினர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. பெரிய வங்கிகளின் கதையைக் கேட்டால் கேலி குறையும்.

1959-இல் அமெரிக்காவில் வணிகக் கணக்குக்கென்றே உருவாகத் தொடங்கிய மொழி கோபோல். அறுபது ஆண்டுகள் கடந்தும் உலகின் பல வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதிலேயே கணக்குப் பார்க்கின்றன.

காரணம் சிக்கனம் மட்டுமன்று. நாம் காகிதத்தில் ரூபாய், பைசா கூட்டுவது போலவே அது கூட்டும். பல புதிய மொழிகளில் தனி ஏற்பாடு செய்யாவிட்டால் 0.1-ம் 0.2-ம் சேர்ந்து சரியாக 0.3 ஆகாது, நூலிழை பிசகும். மேலும், பல்லாண்டுச் சட்டத் திருத்தங்களும் வாடிக்கை முறைகளும் அந்தப் புரோகிராமுக்குள்ளேயே ஏறிக் கிடக்கின்றன. நாற்பது வருடக் கணக்குப்பிள்ளையைத் திடீரென அனுப்பிவிட்டால், எந்தப் பார்ட்டிக்கு எத்தனை நாள் தவணை என்று யார் சொல்வார்?

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி ஒரு வார இறுதியில் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. லட்சக்கணக்கானோர் தம் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். 2022-இல் அவ்வங்கி 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம் கட்ட நேர்ந்தது.

நாமும் பட்டோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரே இரவில் புதிய புரோகிராமுக்கு மாறினோம். பாக்கிப் பட்டியல் தாறுமாறாக ஏறியது. மூன்று மாதம் பழைய சிட்டைகளைப் புரட்டித்தான் நிலுவையை நேர் செய்தோம். வெளியூர்ப் பார்ட்டிகள் சிலரிடம் கட்டிய பணத்தையே திரும்பக் கேட்டுத் தலைகுனிந்தோம். அன்று முதல் பில் புதியதில் போடுகிறோம். கிடங்கு இருப்பு மட்டும் பழையதில் ஓடுகிறது.

பழையதிலும் ஆபத்து உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. நமக்கு அதை எழுதித் தந்தவருக்கும் வயதாகிவிட்டது.

ஆகவே மாறத்தான் வேண்டும், அவசரம் கூடாது. தள்ளுபடி, தவணை விதிகளை நோட்டில் எழுதி வையுங்கள். பழைய தகவலை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். மூன்று மாதம் இரண்டிலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துவந்த பிறகே பழையதை நிறுத்துங்கள். அதுவரை யார் கேலி செய்தாலும் செய்யட்டும்!