வார விடுமுறையும் வீட்டு வேலையும்

வீட்டு வேலைகளை யார் செய்கிறார் என்பதை மனம் மட்டும் முடிவு செய்வதில்லை. நேரமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஜொகூர் மாநிலம் இதற்கு நல்ல சான்று.

2014 ஜனவரி முதல் 2024 இறுதி வரை ஜொகூரில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தன. தனியார் நிறுவனங்கள் பலவற்றுக்கோ சனி, ஞாயிறே விடுமுறை. சிங்கப்பூரிலும் அப்படித்தான். ஜொகூர் பாலத்தை நாள்தோறும் கடக்கும் இலட்சக்கணக்கானோருள் பலர் அங்கே வேலை செய்பவர்கள். அப்பா சிங்கப்பூரிலும் அம்மா அரசு அலுவலகத்திலும் வேலை செய்த வீட்டில், பிள்ளைகளோடு அனைவரும் கூடியிருந்த விடுமுறை நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

அந்த ஒரு நாளில் கோயில், உறவினர் வீட்டு விருந்து, மளிகைச் சாமான் வாங்குதல் என எல்லாம் வந்து சேரும். ஆகவே, வெள்ளியன்று வீட்டில் இருப்பவரே துணி துவைத்து, வீட்டைக் கூட்டித் துடைத்துவிடுவார். ஞாயிறு வீட்டில் இருப்பவருக்குப் பெரிதாக வேலை மிஞ்சாது. யாரும் திட்டமிடாமலேயே ஒருவர் மீது சுமை கூடியது. அவர் பெரும்பாலும் யாரென்று சொல்லவும் வேண்டுமா?

2025 ஜனவரி முதல் ஜொகூருக்கும் சனி, ஞாயிறு விடுமுறையாயிற்று. ஆனால், எல்லாரும் வீட்டில் இருந்தும் ஒருவரே சமையலறையில் நின்றால் விடுமுறை மாறி என்ன பயன்?

வேலைகளை, அவை திரும்பி வரும் காலத்தைக் கொண்டு பிரிப்பது எளிய வழி. சமையலும் பாத்திரம் கழுவுதலும் அன்றாடம் வருபவை. விடியுமுன் பாலம் கடக்கப் புறப்படுபவரால் காலை வேலையைச் செய்ய இயலாது. இரவில் பாத்திரம் கழுவலாம். சில வேலைகளுக்கு வாரம் ஒரு நாள் போதும். ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். எனவே, பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவினால் கொசு உருவாகாது. இதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையே செய்யலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் உண்டு. அரிசி தீரப்போகிறது, எரிவாயு கலன் மாற்ற வேண்டும், பள்ளிச் சீருடை சிறியதாகிவிட்டது என்பனவற்றை நினைவில் வைத்திருப்பதே அது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, தீரும் பொருளைக் கண்டவரே அதில் எழுதி வைத்தால், அம்மா மட்டும் அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.