நோய் விடுப்பில் கர்ப்பம்: பிரிட்டனில் பேறுகாலச் சம்பளம் கிடைக்குமா?

பிரிட்டனில் வேலை பார்க்கும் ஒரு பெண் லூப்பஸ், முதுகுத்தண்டுக் கோளாறு, மனச்சோர்வு என ஏதோ ஒன்றால் மாதக்கணக்கில் சிக் லீவில் இருக்கிறார். அந்த நேரத்தில் கருத்தரிக்கிறார். 'வேலைக்கே போகாதவளுக்கு மெட்டர்னிட்டி பே எப்படித் தருவார்கள்?' என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான பவுண்ட் கைநழுவிப் போகும். நோய் விடுப்பில் இருந்தாலும் வேலை ஒப்பந்தம் தொடர்கிறது. 52 வார மகப்பேறு விடுப்பும் உண்டு. பணத்தைக் கணக்கிடும் விதத்தில்தான் வில்லங்கம்.

முதலில் மருந்து

கர்ப்பம் உறுதியானதும் பல வீடுகளில் மாத்திரைகளை ஓரங்கட்டிவிடுகிறார்கள். ஆபத்தான பழக்கம். வலிப்புக்கோ மனச்சோர்வுக்கோ எடுக்கும் மாத்திரையைத் தன்னிச்சையாகத் திடீரென நிறுத்தினால் தாயின் உடல்நிலை மோசமாகலாம். அது குழந்தையையும் பாதிக்கும். மறுபக்கம், வால்ப்ரோயேட், மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் போன்றவை கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. இவற்றை எடுப்பவர்கள் விஷயம் தெரிந்த அன்றே குடும்ப மருத்துவரையோ (ஜி.பி.) சிறப்பு மருத்துவரையோ அழைத்துப் பேசிவிட வேண்டும். ஃபோலிக் அமிலம் பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் 5 மில்லிகிராம் எழுதித் தருவது வழக்கம்.

அந்த எட்டு வாரங்கள்

சட்டப்படியான பேறுகாலச் சம்பளம் 39 வாரங்களுக்கு உண்டு. முதல் 6 வாரம் சராசரி வாரச் சம்பளத்தில் 90 விழுக்காடு. மீதி 33 வாரம் 187.18 பவுண்ட் அல்லது அந்த 90 விழுக்காடு, எது குறைவோ அது. (இங்குள்ள தொகைகள் 2025–26ஆம் நிதியாண்டுக்கானவை, ஏப்ரல்தோறும் மாறும்.)

சராசரியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். கர்ப்பத்தின் ஏறத்தாழ 17ஆம் வாரத்திலிருந்து 25ஆம் வாரம் வரையான எட்டு வார ஊதியத்தை மட்டுமே பார்ப்பார்கள். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் வராது. அந்த எட்டு வாரத்தில் சராசரியாக வாரம் 125 பவுண்டாவது வந்திருக்க வேண்டும். சட்டப்படியான சிக் பேயோ வாரம் 118.75 பவுண்ட்தான். அதை மட்டும் வாங்கியவருக்கு எட்டு வாரத்துக்கும் சேர்த்து 950 பவுண்ட், தேவை 1,000. வெறும் 50 பவுண்டில் தகுதி போய்விடும்! அரசு தானே நிர்ணயித்த சிக் பே, அரசு தானே வைத்த வரம்பைத் தொடாமல் நிற்கும் விநோதம் இது. 28 வாரம் முடிந்து சிக் பேயும் நின்றுபோனவருக்குச் சராசரி பூஜ்யம்.

பாதி ஏறினால் நட்டம்

கதை அங்கே முடியவில்லை. நிறுவனம் தராவிட்டால் அரசிடம் 'மெட்டர்னிட்டி அலவன்ஸ்' கேட்கலாம். பிரசவ வாரத்துக்கு முந்தைய 66 வாரங்களில் 26 வாரமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். சிக் லீவ் வாரங்களும் இதில் சேர்த்தி. அந்த 66 வாரங்களில் நன்றாகச் சம்பாதித்த 13 வாரங்களை நீங்களே பொறுக்கிக் காட்டலாம், அவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நோய்க்கு முன் வாரம் 400 பவுண்ட் வாங்கியவருக்கு முழுத் தொகையான 187.18 பவுண்ட் 39 வாரமும் வரும். மொத்தம் ஏறக்குறைய 7,300 பவுண்ட், வரியும் இல்லை.

சிக் லீவின் நடுவே முழுச் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு எடுத்து, அந்த எட்டு வாரச் சராசரியை உயர்த்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கணக்குப் போடாமல் இறங்காதீர்கள். 400 பவுண்ட் சம்பளக்காரர் ஒரே ஒரு வாரம் ஆண்டு விடுப்பு எடுத்தால் சராசரி 154 பவுண்டுக்குப் பக்கம் வரும்; நிறுவனத்திடம் தகுதி கிடைத்துவிடும். அதில் 90 விழுக்காடு சுமார் 138.50 பவுண்ட், 39 வாரத்துக்கு ஏறக்குறைய 5,400. நிறுவனத்திடம் தகுதி வந்துவிட்டால் அரசின் அலவன்ஸ் கேட்க முடியாது! அதாவது 1,900 பவுண்ட் நட்டம். நான்கு வாரம் எடுத்தாலோ தொகை 7,570ஐத் தாண்டும். ஆகவே நிறைய எடுப்பது, அல்லது தொடாமலே விடுவது. குறைந்த வருமானத்துக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பத்துக்குக் கணக்கே வேறு: அலவன்ஸ் முழுவதையும் அதிலிருந்து கழித்துவிடுவார்கள்.

தகுதி இல்லையென்றால் நிறுவனம் எஸ்.எம்.பி.1 படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். அதையும், 20 வாரத்துக்குப் பின் மிட்வைஃப் தரும் மேட்-பி1 சான்றிதழையும் வைத்து விண்ணப்பியுங்கள்.

நர்ஸ்களும் விசாவில் இருப்பவர்களும்

தமிழ்நாட்டிலிருந்து போய் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் பணிபுரிபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அங்குள்ள 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' விதிகளின்படி, அந்த எட்டு வாரத்தில் அரைச் சம்பளமோ சம்பளமற்ற நோய் விடுப்போ இருந்தாலும், முழு நோய்க்காலச் சம்பளம் பெற்றதாகவே பாவித்து என்.எச்.எஸ். பேறுகாலச் சம்பளத்தைக் கணக்கிட வேண்டும். சம்பளப் பிரிவு இதைத் தவறவிட்டால் விதியைக் காட்டிக் கேளுங்கள்.

'பொது நிதி இல்லை' என்று விசாவில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்குபவர்களும் உண்டு. பேறுகாலச் சம்பளமும் மெட்டர்னிட்டி அலவன்ஸும் அந்தப் பொது நிதிப் பட்டியலில் இல்லை.

கடைசி நான்கு வாரம்

பிரசவ வாரத்துக்கு முந்தைய நான்கு வாரங்களில் கர்ப்பம் தொடர்பான நோயால் விடுப்பில் இருந்தால், மகப்பேறு விடுப்பு தானாகத் தொடங்கிவிடும். பழைய நோய்தான் காரணம் என்றால் தொடங்காது. அதனால் மருத்துவர் தரும் நோய்ச் சான்றிதழான ஃபிட் நோட்டில் எந்தக் காரணம் எழுதப்படுகிறது என்று பார்த்து வாங்குங்கள். கடும் வாந்தி, ரத்த அழுத்தம் போன்றவற்றால் விடுப்பு எடுத்தால், 'கர்ப்பம் தொடர்பானது' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த நாட்களை வருகைக் குறைவாகக் கணக்கிட்டு நடவடிக்கை எடுப்பது 2010 சமத்துவச் சட்டப்படி பாகுபாடு.

மகப்பேறு விடுப்பு முடிந்தபின்னும் பழைய நோய் தீரவில்லையென்றால், புதிய ஃபிட் நோட்டுடன் மறுபடி சிக் லீவுக்குப் போகலாம். இரண்டு விடுப்புகளிலும் ஆண்டு விடுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள்.