பச்சையத்தின் எழுத்துக்கூட்டல்

'குளோரோஃபில்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது தடுமாறியிருக்கிறீர்களா? 'க' ஒலிக்குச் சி, எச் ஏன்? 'ஃப' ஒலிக்குப் பி, எச் ஏன்? அடுத்து ஐ வராமல் ஒய் வருவானேன்? இறுதியில் இரண்டு எல் எதற்கு?

எல்லாவற்றிற்கும் காரணம் உண்டு. 1817இல் பச்சையத்தைப் பிரித்தெடுத்த பிரெஞ்சு வேதியியலார் பெல்த்தியேயும் கவாந்துவும் கிரேக்கச் சொற்களைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். 'குளோரோஸ்' என்றால் வெளிர்பச்சை. 'ஃபில்லோன்' என்றால் இலை. கிரேக்கரின் 'கை' எழுத்தை ரோமானியர் சி, எச் என்றும், 'ஃபை' எழுத்தைப் பி, எச் என்றும், 'உப்சிலான்' எழுத்தை ஒய் என்றும் எழுதினர். 'ஃபில்லோன்' என்பதில் ல் இரட்டிப்பதால் எல்லும் இரண்டு.

இப்போது சொல்லுங்கள்: 1810இல் டேவி பெயரிட்ட 'குளோரின்' வாயு என்ன நிறம்? ஆம், மஞ்சள் கலந்த பச்சை! 'சாந்தோஸ்' என்றால் மஞ்சள். அப்படியானால் 'சாந்தோஃபில்' எங்கே இருக்கும்? இலையில்தான்!

ஒரு வேர்ச்சொல்லை அறிந்தால் பல சொற்கள் வசப்படும். புதிய சொல் ஒவ்வொன்றையும் அதன் வேருடன் குறித்து வையுங்கள். பிறகு ஏட்டை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுங்கள். பிழைகள் குறைவதை நீங்களே காண்பீர்கள்.