வீட்டுத் தோட்டத்தில் மணமலர்ச் செடிகள்

முற்றம் சிறிதாயினும் அதில் மணமலர்ச் செடி ஒன்றை வைத்து வளர்க்கும் வழக்கம் நாடெங்கும் உண்டு. தெற்கே குண்டுமல்லி என்றும் வடக்கே பேலா, மோக்ரா என்றும் வழங்குவது ஒரே செடியாகும். எனினும், இலையடர்ந்து செழித்து நிற்கும் செடி பூக்காமற்போவதும், அது மலட்டுச் செடியென வேருடன் களையப்படுவதும் பல வீடுகளில் நிகழ்கின்றன. பெரும்பாலும் குறை செடியினுடையதன்று, வளர்ப்பு முறையினுடையதேயாகும்.

குண்டுமல்லி, முதிர்ந்த கிளைகளினின்று புதிதாக எழும் தளிர்களிலேயே அரும்பு கட்டுகிறது. கிளை நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள், கீழ்க்கணுக்களிலுள்ள மொட்டுகளை வளரவொட்டாது தடுத்து வைக்கிறது. நுனியை வெட்டியதும் அத்தடை நீங்கி, ஒரு கிளையினின்று பல தளிர்கள் தோன்றுகின்றன. தளிர் பெருகப் பூவும் பெருகும். வெட்டாது விட்ட புதரிலோ கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, உட்புறத்தில் ஒளி புகாது. பச்சைச் செடியை வெட்ட மனம் வராமையே பூக்குறைவுக்கு ஒரு முக்கிய காரணமாகிறது.

வெட்டும் பருவமும் இன்றியமையாதது. தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் இறுதி வாரத்திலும், சாதிமல்லியை டிசம்பர் இறுதி வாரத்திலும், முல்லையை ஜனவரி இறுதி வாரத்திலும் கவாத்துச் செய்தல் வேண்டும். முதலில் சில நாட்கள் நீர் விடுவதை நிறுத்தி, பின்னர்க் குண்டுமல்லியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். காய்ந்த, நோயுற்ற கிளைகளை அடியோடு நீக்கவேண்டும். கடும் பனி பெய்யும் வடபகுதிகளில் இளந்தளிர்கள் கருகிவிடுமாதலால், பனி விலகும் வரை பொறுத்து வெட்டுதல் நலம். அரும்பு தோன்றியபின் வெட்டினால் அப்பருவப் பூவை இழக்க நேரிடும்.

கவாத்து மட்டும் போதாது. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தில் செடி இருத்தல் வேண்டும். மர நிழலில் இலையே மிகும். தழைச்சத்து அளவு மீறினாலும் அதே விளைவுதான். கவாத்துக்குப் பின் செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு மண்ணைக் கொத்தி நீர் பாய்ச்சலாம். வேரடியில் நீர் தேங்கலாகாது. புதுச் செடி வேண்டுவோர், முற்றியும் முற்றாத கிளையில் 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள துண்டுகளை வெட்டி, ஈர மணலில் ஊன்றி, நிழலில் வைத்து வேர்விடச் செய்யலாம்.

பவழமல்லிக்கும் இதே விதி பொருந்தும். மேற்கு வங்காளத்தின் மாநில மலரான ஷியூலி இதுவே. மாலையில் மலர்ந்து விடியலில் உதிரும் இதனைப் பூக்காலம் முடிந்தபின், புதுத்தளிர் எழுமுன் வெட்டவேண்டும். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த இரவுராணியை, ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்தபின்னும் சிறிது நறுக்கிவிட்டால் மீண்டும் பூக்கும். ஆனால் இதன் காய் உட்பட எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கால்நடைகள் மேயும் இடத்திலும் இதனை வைத்தலாகாது. மணம் மிகக் கடுமையாதலால் படுக்கையறைச் சன்னலுக்கருகிலும் இது உகந்ததன்று.

இவ்வுண்மைகளைப் பள்ளித் தோட்டத்திலேயே மெய்ப்பித்துக் காட்டலாம். ஒரே வயதுடைய இரு மல்லிகைச் செடிகளை ஒரே வெயிலில், ஒரே உரமும் நீரும் அளித்து வளர்த்து, ஒன்றை மட்டும் உரிய பருவத்தில் கவாத்துச் செய்யவேண்டும். பூக்காலத்தில் இரண்டிலும் மலரும் பூக்களை மாணவர்கள் நாள்தோறும் எண்ணிக் குறித்து வரலாம். களப் பணியாளர்களும், பூக்காத செடியைக் களைய எண்ணும் வீட்டாரிடம் ஒருமுறை கவாத்துச் செய்து அடுத்த பூக்காலம் வரை பொறுத்துப் பார்க்குமாறு அறிவுறுத்தலாம். பல செடிகள் இவ்வாறே பிழைக்கும்.