கரண்டி அளவும் எடையும்

சமையற்பொருள்களை இல்லங்களில் கரண்டியால் அளப்பர். நூல்களில் அவை கிராமில் குறிக்கப்பெறும். முன்னது கன அளவு, பின்னது எடை. பொருளின் அடர்த்தியும், அது செறிந்து கிடக்கும் நிலையுமே இவ்விரண்டையும் இணைப்பன. 5 மில்லிலிட்டர் கொள்ளும் தேக்கரண்டியில் நீர் 5 கிராம் நிற்கும். சர்க்கரை ஏறத்தாழ 4 கிராமும், தூளுப்பு ஏறத்தாழ 6 கிராமும் நிற்கும். உப்புப் பரலின் பருமனுக்கேற்ப இவ்வெடை மாறும்.

வயிற்றுப்போக்கின்போது இல்லத்திலேயே தயாரிக்கும் கரைசலில் இவ்வேறுபாடு உயிரைக் காப்பதாகவோ கெடுப்பதாகவோ அமையலாம். கொதித்தாறிய 1 லிட்டர் நீரில், தலைதட்டி அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி தூளுப்பும் கரைக்க வேண்டும். உப்பின் எடை ஏறத்தாழ 3 கிராம். குவித்து அளந்தால் உப்பு மிகுந்து, குழந்தையின் குருதியில் சோடியம் அபாய அளவை எட்டக்கூடும்.

ஆதலின், களப்பணியாளரும் ஆசிரியரும் தம் ஊரில் வழங்கும் கரண்டியால் அவ்வூர் உப்பைத் தலைதட்டிப் பத்து முறை அளந்து, மொத்தத்தை நிறுத்துப் பத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எடையைக் கொண்டு 3 கிராமுக்குரிய அளவைத் தாய்மார்களுக்குச் செய்துகாட்டுதல் நலம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்குமிடத்தில் அதுவே சிறந்தது. அதில் எடை முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது.