இரண்டாவது மணி

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் ஓடிய காலத்தில், சில இரவுகளில் அலமாரிப் பாத்திரங்கள் திடீரென்று கலகலத்து அடங்கும். லைன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது. நைட் ஷிப்டுக்குப் போனவர் எந்த மட்டத்தில் நிற்கிறாரோ என்று வீடு பதறும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த ஆழத்தில் மேலிருக்கும் பாரத்தைத் தாங்கமுடியாமல் பாறை வெடித்துச் சிதறும். அங்கே வேலை செய்பவருக்குச் சின்ன முறிவோசை ஒன்றே போதும். யோசித்துக்கொண்டு நிற்காமல் ஓடவேண்டும். பத்துத் தடவை வீணாக ஓடினால் வேலைதான் கெடும். ஓடவேண்டிய ஒரு தடவை நின்றுவிட்டால் உயிர் போகும்.

ஆபத்து நேரத்தில் மனித மூளை எல்லா ஊரிலும் இப்படித்தான் வேலை செய்கிறது. கையில் இருப்பது அரைகுறைத் தகவல்தான் என்றாலும் சட்டென்று ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறது. இந்தத் தாவல் மனிதனைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஆனால் ஆபத்தே இல்லாத இடத்திலும் அது ஓயாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1988-இல் லண்டனில் ஹக், கேரட்டி, ஹெம்ஸ்லி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு ஜாடிகள். ஒன்றில் 85 பாசிமணி ஒரு நிறம், 15 மணி வேறு நிறம். மற்றதில் அதே நிறங்கள் தலைகீழாக. ஏதோ ஒரு ஜாடியிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டுவார்கள். எந்த ஜாடி என்று நிச்சயமாகத் தோன்றும்போது சொல்லலாம். எத்தனை மணி வேண்டுமானாலும் கேட்கலாம். பிறழ்நம்பிக்கை, அதாவது எந்தச் சாட்சிக்கும் அசையாத பொய்யான நம்பிக்கை, உள்ள நோயாளிகள் மற்றவர்களைவிடக் குறைவான மணிகளைப் பார்த்தே முடிவு சொன்னார்கள். பின்னால் பல நாடுகளில் நடந்த சோதனைகளிலும் அத்தகைய நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்று அல்லது இரண்டு மணிகளிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. முதல் மணியைப் பார்த்து ஜாடியைச் சொன்னால் அது சரியாக இருக்க நூற்றுக்கு 85 வாய்ப்பு. அடுத்ததும் அதே நிறமாக வந்தால் 97. சிக்கல் வருவது மணிகளை 60-க்கு 40 என்று கலக்கும்போதுதான். அப்போது முதல் மணி தருவது வெறும் 60. இரண்டும் ஒரே நிறமாக வந்தாலும் 69-தான். அங்கேயும் முதல் மணியிலேயே ஒருவர் உறுதியாகச் சொன்னால், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் தவறிவிடுவார். அன்றாட வாழ்க்கையில் நமக்குக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பாலானவை இந்த அறுபதுக்கு நாற்பது ரகம்தான்.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலை நினைத்துக்கொள்ளலாம். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு தங்கவயல் குடும்பங்கள் பல இந்தத் தண்டவாளத்தை நம்பித்தான் வாழ்கின்றன. விடியும் முன்னே எழுந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களாகச் சரியான தூக்கமில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. எதிர் சீட்டில் இருவர் செல்போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ‘நம்மைப் பற்றித்தான்’ என்று ஒரு நொடி தோன்றுவது யாருக்கும் நடக்கும். பங்காரப்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் பெரும்பாலானோர் அதை மறந்துவிடுவார்கள். அந்த இளைஞருக்கோ அது முடிவான உண்மையாகிவிடுகிறது. மறுநாள் மேலதிகாரி இருமியதும், வாசலில் ஒரு பைக் நின்றதும் அதற்குச் சாட்சியாகச் சேர்கின்றன. எதிரான சாட்சி எதுவும் மனத்தில் ஒட்டுவதில்லை.

சாதாரணப் பொருள்களுக்கு இப்படி அசாதாரண அர்த்தம் ஏறுவதில் மூளையின் டோபமைன் சுரப்புக்குப் பங்கிருக்கிறது என்ற விளக்கத்தை 2003-இல் ஷிதிஜ் கபூர் என்ற மனநல ஆய்வாளர் முன்வைத்தார். தேவையற்ற இடத்தில் ‘இது முக்கியம்’ என்று மூளை மணியடிக்கிறது. ஏன் அடித்தது என்று தெரியாமல் தவிப்பவர், அவசரமாகத் தாமே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறார். அந்த மணியோசையும் இந்த அவசரமும் சேரும் இடத்தில் பிறழ்நம்பிக்கை வேர்விடுகிறது.

இதனால், சட்டென்று முடிவெடுப்பவருக்கெல்லாம் உளப்பிறழ்வு (சைக்கோசிஸ்) வரும் என்று பயப்படவேண்டாம். மணிச் சோதனையில் அவசரப்படுபவர்கள் நலமாக இருப்பவர்களிலும் உண்டு. அந்த அவசரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பில் பெரும்பங்கைப் பொதுவான அறிவாற்றல் வேறுபாட்டாலேயே விளக்கிவிடலாம் என்று ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020-இல் காட்டியது. பரம்பரை, சிறுவயதுக் கொடுமைகள், கஞ்சா, தூக்கக்கேடு, தனிமை எனப் பல இழைகள் பின்னித்தான் நோய் வருகிறது. அவசரம் அவற்றில் ஓர் இழை.

எந்த மனநோயும் இல்லாதவர்களின் அவசரம் கொலையே செய்திருக்கிறது. 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழிகேட்க வண்டியை நிறுத்திய 65 வயதுப் பெண் ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம் அது. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. ஒரு சாக்லேட், ஒரு முடிவு. அடுத்த கேள்வியைக் கேட்க ஒருவர்கூட அங்கே இல்லை.

வீட்டுக்குள்ளும் இந்த அவசரம் உண்டு. பிள்ளை தனக்குள் பேசிக்கொண்டால் ‘காத்துக் கருப்பு’ என்றோ ‘செய்வினை’ என்றோ முதல் நாளே தீர்ப்பாகிவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் அந்தத் தீர்ப்பின்படியே அலைச்சல். தங்கவயல் சுரங்கங்கள் மூடிய அதே 2001-இல், ஆகஸ்ட் 6 அன்று, அப்படி அலைந்து கொண்டுவரப்பட்ட நோயாளிகளை வைத்திருந்த ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடமுடியவில்லை. அந்தச் சங்கிலிக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

சிகிச்சை கிடைக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்புக்கு முன்னோட்டம் கோலார் மாவட்டத்தில்தான் நடந்தது. 3,190 பேரிடம் விசாரித்தார்கள். பின்னர் 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த கணக்கெடுப்பு, உளப்பிறழ்வு உள்ளவர்களில் நால்வரில் மூவர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது.

சிகிச்சையின் அடித்தளம் மருந்து. அதோடு, அவசரத்தை நிதானமாக்கும் பயிற்சிகளும் வந்திருக்கின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பயிற்சியில், நோயாளிகள் குழுவாக உட்கார்ந்து படங்களையும் கதைகளையும் பார்க்கிறார்கள். முதலில் தோன்றியதை அடுத்தடுத்த தகவல்களோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளப் பழகுகிறார்கள். ‘உன் நம்பிக்கை பொய்’ என்று அங்கே யாரும் வாதாடுவதில்லை. பலன் மிதமானதுதான், ஆனால் உண்மையானது.

பாறை வெடிப்புகளை ஆராய்ந்த தங்கவயல் விஞ்ஞானிகளுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. ஒரே ஓர் அதிர்வுமானியின் பதிவை வைத்து வெடித்த இடத்தைச் சொல்லமுடியாது. பல இடங்களில் பதித்த கருவிகளுக்கு அதிர்வு வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டுத்தான் இடம் கண்டார்கள். ஓடி உயிர்தப்பிய தொழிலாளியின் அவசரமும் அந்த விஞ்ஞானியின் பொறுமையும் ஒரே ஊரில்தான் இருந்தன.

வீட்டில் ஒருவர் தூக்கமிழந்து, எல்லாரையும் சந்தேகித்து, ஒதுங்கத் தொடங்கினால் வாதாடாதீர்கள். அவர் பயத்தைக் கேளுங்கள், ‘பயமா இருக்காப்பா?’ என்ற ஒரு கேள்வி போதும். பிறகு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்பது அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் இருப்பதும், தங்கவயல்காரர்கள் தினமும் வேலைக்குப் போய்வரும் அதே பெங்களூரில்தான்.